சிவப்பு வெளிச்சத்தில் தாய் எலிகள்

எலிக்குட்டி அழுவது மனிதக் காதுக்கு எட்டாது. கண் திறக்காத, மயிர் முளைக்காத, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தச் சிவந்த பிராணிகள் வாயை அகலத் திறந்து கத்தும். ஆனால் அந்தச் சத்தம் எங்கள் செவி பிடிக்கக்கூடிய எல்லைக்கு மேலே போய்விடும். தாய்க்கு மட்டும் கேட்கும். எங்களுக்கு வாய் திறப்பது தெரியும், அவ்வளவுதான். எனக்கு இதைச் சொல்லித் தந்த டொக்டர், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டு கிழமை அந்த அறையில் உட்கார்ந்த பிறகுதான், ஒரு சத்தமும் இல்லாமல் அத்தனை வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை என்று விளங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் பழங்கதையாகிப் போயிருந்தது. விஞ்ஞானப் பட்டம் முடித்து, கலியாணம் முடித்து, ஒரு பிள்ளையும் பெற்ற பிறகு எனக்கு ஒரு மருந்தியல் ஆய்வுகூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. ஒரு ஆராய்ச்சியை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் நிரந்தரமாக்கலாம் என்று அதற்குப் பொறுப்பான டொக்டர் சொல்லியிருந்தார். கணவருக்குக் கிளிநொச்சியில் கந்தோரில் எழுத்து வேலை. கடலேரி கடந்து மாதம் ஒருமுறை வந்து சேர்ந்தாலே பெரிய காரியம். கொழும்புத்துறையில் கடலுக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டின் ஒரு பாதியில் நானும் ஐந்து மாதப் பிள்ளையும் இருந்தோம்.

மற்றப் பாதியில் காங்கேசன்துறையில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நான் வேலைக்குப் போகும் நேரம் பிள்ளையை அவள்தான் பார்த்தாள். மூன்று மணிக்கு நான் வந்து சைக்கிளை நிறுத்தியதும் பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் தங்கள் பக்கம் போய்விடுவாள். நடுக்கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு கூப்பிடாமல் எங்கள் பக்கம் காலடி வைக்கமாட்டாள். இன்னொருவர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அவ்வளவு கலகலப்பான ஆள் அல்ல.

எனக்குச் சின்ன வயதில் இருந்தே இழுப்பு, ஆஸ்துமா. அந்த வருடங்களில் அது மோசமாகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள்களின் புகை ஒரு பக்கம், ஈர விறகின் புகை இன்னொரு பக்கம், எலி மயிரின் தூசு மூன்றாவது. உறிஞ்சுகிற பம்ப் மருந்து குடாநாட்டுக்குள் வருவது நின்றுவிட்டது. கிடைத்தது எபெட்ரின் மாத்திரை மட்டும், எங்கள் பேச்சில் குளிசை. அதற்கு நெஞ்சை விடுவிக்கும் குணமும் உண்டு, ஆளை முடுக்கிவிடும் குணமும் உண்டு. ஒன்று போடச் சொன்னார்கள். ஒன்று கேட்காதபோது இரண்டு போட்டேன். பிறகு இரண்டும் கேட்கவில்லை.

டொக்டர் ஆராய்ந்துகொண்டிருந்ததும் அதே மருந்தைத்தான். முலையூட்டும் தாய்மார் பலர் அந்தக் குளிசையில் ஓடிக்கொண்டிருப்பதை ஆஸ்பத்திரி கிளினிக்கில் அவர் கண்டிருந்தார். பிள்ளையைப் பார்க்கும் பாங்கை அது குழப்புமா என்று எலியில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். நானும் அதைத்தான் விழுங்குகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் எலி அறையில் இருந்து என்னை எடுத்துவிடுவார், வேலையும் போய்விடும் என்று பயந்தேன். வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த எலிகள் என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. குளிசை போடாவிட்டால் என்னால் மூச்சுவிட முடியாது. போட்டால் நான் என் பிள்ளைக்குத் தாயாக இருக்கிறேனா, இல்லையா? இதை வேறு யாரிடம் கேட்பது?

பரிசோதனை மிக எளிது. குட்டி ஈன்று சில நாளான தாய் எலிக்கு டொக்டர் ஊசி போடுவார். ஒரு போத்திலில் மருந்து, மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எந்தக் கூட்டுக்கு எது என்று எனக்குச் சொல்லமாட்டார். நான் குட்டிகளை எடுத்துக் கூட்டின் மறுபக்கம் பரவலாக விடுவேன். தாய் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய்த் தன் தேங்காய்த் தும்புப் படுக்கையில் சேர்க்க வேண்டும். முதல் பத்து நிமிடம் நான் பார்த்து எழுதுவேன். பிறகு மற்ற அறைக்குப் போய்க் குறிப்புக் கொப்பியைச் சீர்செய்துவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து எத்தனை குட்டி படுக்கையில் இருக்கிறது என்று எழுதுவேன்.

எலிக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு என்பதால் அறையைப் பகலிலேயே இருட்டாக்கியிருந்தோம். யன்னல்களைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி ஓரங்களில் களிமண் அப்பியிருந்தது. சிவப்பு வெளிச்சம் எலியின் கண்ணில் படாது. அதற்கு மின்சாரம் வேண்டுமே! எலிகளைப் பராமரித்த அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். வெளி விறாந்தையில் தன் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, வயரைக் கதவடியால் உள்ளே விட்டு, அதன் நுனியில் சைக்கிளின் சிவப்புப் பின்விளக்கைக் கட்டிவிட்டார். அவர் வெளியே இருந்து மிதிப்பார். உள்ளே எனக்கு வெளிச்சம் வரும். அவர் களைத்தால் வெளிச்சம் சுருங்கும். செருமுவதற்காக ஒரு கணம் நிறுத்தினால் நான் முழு இருட்டில் இருப்பேன். அப்போது தும்பு உரசும் சத்தம் மட்டும் கேட்கும். வெளிச்சம் திரும்பும்போது எலி வேறு இடத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அண்ணைக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. தென்மராட்சியில் தோட்டம் செய்கிற குடும்பம். மச்சம் மாமிசம் வாயில் படாத மனிதர். எலித் தீனி கொழும்பில் இருந்து வராத காலத்தில் நாங்கள் நிவாரண மாவும் கருவாட்டுத் தூளும் குழைத்துக் கொடுத்தோம். அதைக் குழைத்த நாளெல்லாம் அவர் கிணற்றில் தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு வருவார். உங்களுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள் என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரிக்கமாட்டார், கோபிக்கவும் மாட்டார். அந்த ஆய்வுகூடத்தில் எனக்கு மனத்துக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

எந்தத் தாய்க்கு என்ன ஊசி என்பது எனக்குத் தெரியக்கூடாது என்றாலும், இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர் குத்திய தாய் மூக்கை நீட்டும், நேரே போகும், ஒரு குட்டியின் முதுகைக் கவ்வும், திரும்பும், படுக்கையில் வைக்கும், மறுபடி போகும். வேலை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே கவிந்து படுத்துக்கொள்ளும். பார்க்க அலுப்பாகக்கூட இருக்கும்.

மருந்து ஏறிய தாய் அலுப்பூட்டாது. அது ஓடும். மூலைக்கு மூலை மோந்து பார்க்கும். பின்னங்காலில் நின்று கம்பியை நக்கும். தும்பை எடுத்துப் படுக்கையை உயர்த்தும், தட்டும், பிரிக்கும், மறுபடி உயர்த்தும். ஒரு குட்டியை வாயில் எடுத்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எங்காவது போட்டுவிடும். பாதையில் குட்டி கிடந்தால் அதன் மேல் மிதிக்காது. காலைத் தூக்கித் தாண்டிப் போகும். எனக்குப் பிடிக்காமல் போனது அந்தத் தாண்டல்தான். வெறுப்பு இருந்தால் கடித்திருக்கும். மறந்திருந்தால் மிதித்திருக்கும். அது கண்டுகொண்டே தாண்டியது. குட்டியின் வாய் திறந்தபடி இருந்தது.

பத்து நிமிட முடிவில் நான் பூச்சியங்களாக எழுதிவிட்டு எழுந்து போவேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தால் எல்லாக் குட்டிகளும் படுக்கையில் இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி, மேலே தும்பு மெல்லிசாகப் போர்த்தியபடி. தாய் அப்போதும் மறுமூலையில் எதையாவது நக்கிக்கொண்டிருக்கும். ஒரு கூட்டில் அல்ல, பார்த்த கூட்டிலெல்லாம் இதே கதை.

இதில் இருந்து நான் கட்டிய முடிவு அழகானது. மருந்து தாயைத் தடுக்கவில்லை, தாமதிக்க மட்டும் வைக்கிறது. முடுக்கம் கொஞ்சம் தணிந்ததும் தாய் தன் கடமைக்குத் திரும்பிவிடுகிறது. டொக்டருக்கு இதைச் சொன்னபோது அவருக்கும் திருப்தி. எனக்கு வந்தது திருப்தி அல்ல, உயிர் திரும்பிய மாதிரி ஒரு ஆறுதல். அன்று பின்னேரம் எந்த உறுத்தலும் இல்லாமல் மூன்று குளிசை போட்டேன்.

அந்த நாட்களில் என் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். குளிசை ஏறியதும் கை சும்மா இருக்காது. சவர்க்காரம் இல்லாத காலம். பனம்பழக் களியில் துணி தோய்த்தேன், கழுவிய துணியை மறுபடி தோய்த்தேன். அரிசி வைக்கும் தகரப் பேணிகளை உயரப்படி அடுக்கினேன், பிறகு அகலப்படி மாற்றினேன். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். கைப்பிள்ளையோடு வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டை இப்படி வைத்திருக்கிறாளே என்று அயலில் மெச்சினார்கள். அந்த மெச்சுதல் எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு இந்த வேலைகளில் இறங்குவேன். பிறகு ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால் அவன் ஏணையில் இருப்பான். சேலைத் தொட்டிலின் இரண்டு ஓரமும் அவனைச் சுற்றி நன்றாக இழுத்துவிடப்பட்டிருக்கும். முகம் துடைத்திருக்கும். ஒருநாள் கழுத்து மடிப்பில் பவுடர்கூட இருந்தது. நான் எப்போது தூக்கினேன், எப்போது துடைத்தேன் என்று யோசித்துப் பார்ப்பேன். நினைவு வராது. தினம் செய்கிற காரியங்களை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? கை தானாகச் செய்திருக்கும் என்று விட்டுவிடுவேன்.

ஆனாலும் ஒருநாள் எனக்கு வேர்த்துவிட்டது. பேணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏதோ உந்தித் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை பாயில் இருந்து புரண்டு சீமெந்துத் தரைக்கு வந்திருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது பேணிகள் எல்லாம் அடுக்கி முடிந்திருந்ததும், அவன் ஏணையில் நித்திரையாக இருந்ததும்தான். அன்று எலிக் கொப்பியை மனதில் புரட்டி என்னைத் தேற்றிக்கொண்டேன். தாமதம்தான், தாய் திரும்பி வந்துவிட்டது.

கார்த்திகை மாதத்துக்குச் சற்று முன், ஒரு வெள்ளிக்கிழமை அது உடைந்தது. அன்று ஊசி போட்ட ஒரு தாய் வழக்கத்தை விட வேகமாக, படுக்கையையே சுற்றிச் சுற்றி ஓடியது. பத்து நிமிடத்தில் ஒரு குட்டியைக்கூடத் தொடவில்லை. எழுதிவிட்டு நான் போனேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து அண்ணையை மிதிக்கச் சொல்லி உள்ளே உட்கார்ந்தேன். வெளிச்சம் மெல்ல ஏறியது. எட்டுக் குட்டிகளும் படுக்கையில் இருந்தன, தும்பு போர்த்தியபடி. தாய் படுக்கைப் பக்கத்து மூலையில் கம்பியோடு சாய்ந்து கிடந்தது. விரலால் தொட்டேன். குளிர்ந்து போயிருந்தது. பல் தெரிய வாய் திறந்திருந்தது. குட்டிகளை விட்டிருந்த பக்கத்து மரத்தூளைப் பார்த்தேன். அதில் தாயின் காலடி ஒன்றுகூட இல்லை. அது அந்தப் பக்கம் போகவே இல்லை.

நான் எழும்பவில்லை. குட்டிகளை வேறு யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று புத்தி சொன்னது. ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், செத்த தாய்க்கும் ஒழுங்காகப் போர்த்தியிருந்த குட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது, அறையில் மூன்றாவதாக ஏதோ இருப்பதாகவே உடம்பு நம்பியது. வெளியே டைனமோ இரைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு விறாந்தைக்கு வந்து, நீங்கள் உள்ளே போனீர்களா என்று அண்ணையிடம் கேட்டேன்.

அவர் மிதிப்பதை நிறுத்தினார். முகத்தில் கள்ளம் இல்லை, பயமும் இல்லை.

"ஓம் பிள்ளை. நான்தான் எடுத்து வைக்கிறனான்."

"எப்ப துவக்கம்?"

"முதல் நாளிலை இருந்து."

ஒவ்வொரு கூட்டிலும், ஒவ்வொரு நாளும், நான் கொப்பியோடு மற்ற அறைக்குப் போனதும் அவர் சைக்கிளால் இறங்கி இருட்டிலேயே உள்ளே போயிருக்கிறார். கையால் தடவித் தடவிக் குட்டிகளைப் பொறுக்கியிருக்கிறார். தண்ணி குத்திய எலியா, மருந்து குத்திய எலியா என்று அவர் பார்க்கவில்லை. வெளியே கிடந்ததை உள்ளே வைத்தார், அவ்வளவுதான். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். அது குற்றம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. தாய் செத்துக் கிடந்ததைக் காணவில்லையா என்றதற்கு, தான் தாயைப் பார்ப்பதே இல்லை, குட்டிகளைத்தான் பார்ப்பது என்றார்.

"அதுகள் கத்துற சத்தம் எங்களுக்குக் கேக்காது அண்ணை. பிறகென்ன?"

"எனக்குக் கேக்குது," என்றார். பிறகு, நான் விளங்காமல் நிற்பதைக் கண்டு, "தாய் கொண்டுபோகாட்டி ஆரோ ஒராள் கொண்டுபோகத்தானே வேணும், பிள்ளை," என்றார்.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். மாதக்கணக்கான உழைப்பு, என் நிரந்தர வேலை, எல்லாம் அந்த நல்ல கைகளால் நாசமாகியிருந்தது. ஆனால் கோபம் வருவதற்குள் வேறு ஒன்று வந்துவிட்டது. மருந்து ஏறிய தாய்களில் ஒன்றுகூடக் குட்டிகளிடம் திரும்பி வந்ததில்லை. தாமதம் என்று நான் எழுதிய எதுவும் தாமதம் இல்லை. அப்படியானால் என் வீட்டில் என் பிள்ளையை ஏணையில் வைத்துக்கொண்டிருந்தது யார்?

கொழும்புத்துறை வீதியால் சைக்கிள் ஓடியபோது எனக்கு இழுப்பு வந்துகொண்டிருந்தது. பையில் குளிசை இருந்தது. நான் அதைத் தொடவில்லை. கடற்பக்கம் இருந்து வந்த காற்றில் சேற்று மணம் இருந்தது. வழியில் யாரோ தெரிந்தவர்கள் ஏதோ கேட்டார்கள். என்ன பதில் சொன்னேனோ.

அவள் கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் பனையோலைக் கடகம் ஒன்றுக்குள் துணி விரித்து இருத்தப்பட்டிருந்தான், விரலைச் சூப்பியபடி. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு அவனைத் தூக்கித் தர வந்தாள். நான் வாங்கவில்லை. நான் வீட்டில் இருக்கும்போது எங்கள் பக்கம் வந்திருக்கிறாயா என்று கேட்டேன்.

அவள் தலை குனிந்தாள். பிழை செய்து பிடிபட்டவளைப்போல மெல்லிய குரலில், வந்ததுண்டு என்றாள். பிள்ளை அழுகிற சத்தம் நிற்காவிட்டால் நடுக்கதவைத் திறந்து வந்து தூக்கி, துடைத்து, ஏணையில் போட்டுவிட்டுப் போனதுண்டு. எத்தனை தடவை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். நான் அந்த அறையிலேயே நின்றேனா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. நிண்டனீங்கள்."

"உன்னை நான் காணேல்லையோ?"

"என்னைக் காணேல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. எப்போதும் எல்லாவற்றையும் கடைசிவரை தோண்டுகிற புத்தி எனக்கு. அப்படியென்றால் பிள்ளையையும் நான் கவனிக்கவில்லை, வேலை மும்முரத்தில் அவன் பக்கம் பார்க்கவில்லை, அப்படித்தானே என்று கேட்டேன். ஆம் என்று அவள் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்.

"அவனைப் பாத்தனீங்கள் அக்கா. பாத்திட்டுத்தான் தாண்டிப் போனனீங்கள்."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டபோது அவள் கண் கலங்கியது. உங்கள் வீட்டில் இருந்துகொண்டு உங்களைப் பற்றி இதை எந்த வாயால் சொல்வது என்று கேட்டாள். அவளுக்கு இருந்த பயம் எனக்கு விளங்கியது. போகச் சொல்லிவிட்டால் அந்தக் காது கேளாத தகப்பனோடு அடுத்ததாக அகதிகள் தங்கும் எந்தப் பாடசாலைத் தரையில் போய்ப் படுப்பாள்? அவள் பிள்ளையையும் காப்பாற்றினாள், என் மானத்தையும் காப்பாற்றினாள். இரண்டாவதைக் காப்பாற்றாமல் விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ முந்தித் தெரிந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை செய்ததையும், நான் விழுங்கியதையும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். கொப்பிகளைக் கட்டி அலுமாரியில் வைத்தார். புதிதாகத் தொடங்க எலியும் போதாது, மருந்தும் போதாது. அண்ணையை அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. எனக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. மாத முடிவோடு நின்றுகொண்டேன். அது எனக்குப் பெரிய நட்டமாகப் படவில்லை.

குளிசைகளை அவளிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்றேன். உயிர் போகிற மாதிரி இருந்தால் ஒன்று மட்டும், அதுவும் பிள்ளையை உன் பக்கம் தூக்கிக்கொண்டு போன பிறகு. இனிமேல் நடுக்கதவைச் சாத்த வேண்டாம், கேட்காமல் வா என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் இப்போது தூக்குவது நான்தானா என்று கையைப் பார்த்துக்கொள்வேன்.

மாரி தொடங்கியது. ஒரு பின்னேரம், வானம் கறுத்து வீட்டுக்குள் இருள் இறங்கிய நேரம், இழுப்பு வந்தது. குளிசை இல்லாமல் வந்த முதல் பெரிய இழுப்பு. சுவரோடு சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன். உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. கூப்பிடப் பார்த்தேன், குரல் எழவில்லை. அறையின் மறுபக்கத்தில் பாயில், ஒரு பழைய சேலைத் துண்டின் மேல் பிள்ளை கிடந்தான். அவன் அழத் தொடங்கினான். இந்த முறை கேட்டது. காது பிய்ந்துபோகிற மாதிரிக் கேட்டது.

எழும்ப முடியவில்லை. கையை ஊன்றி, இருந்தபடியே உடம்பை நகர்த்தி அரக்கினேன். ஒரு முழம் அரக்கி நின்றேன், மூச்சுக்கு அலைந்தேன், மறுபடி அரக்கினேன். தூக்கப் பலம் இல்லை. சேலைத் துண்டின் நுனியை எட்டிப் பிடித்து, அவனை அதோடு சேர்த்து என் பக்கம் இழுத்தேன். சீமெந்துத் தரையில் வழுகிக்கொண்டு வந்தான். மடியில் ஏற்றி அவன் மேல் கவிந்துகொண்டேன். என் நெஞ்சுக்குள் இருந்து வந்த இழுப்புச் சத்தத்தைக் கேட்டு அவன் அழுவதை நிறுத்தி என் வாயையே பார்த்தான்.

நடுக்கதவடியில் அவள் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. பிறகுதான் ஓடி வந்து என் முதுகைத் தடவினாள், சுடுதண்ணி கொண்டுவந்தாள். நெஞ்சு தணிந்த பிறகு, கண்டும் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன்.

"எடுப்பியளோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அக்கா," என்றாள்.

அதில் அவளுக்குச் சந்தோஷம். எடுத்துவிட்டீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் மகனுக்கு இப்போது இந்தக் கதை எல்லாம் தெரியும், எலிகளைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பான். ஒன்றை மட்டும் அவனுக்கு நான் சொன்னதில்லை. அந்தச் சேலை நுனியைப் பிடிப்பதற்கு முன்பே, கதவடியில் அவள் நிற்பதை நான் கண்டிருந்தேனா, இல்லையா? கண்டிருந்தால், இழுத்தது அவனுக்காகவா, அவள் பார்க்கிறாள் என்பதற்காகவா? எத்தனையோ தடவை அந்தப் பின்னேரத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.